அனுசுயா வீட்டு ஈரம்

ஜே.எல். நிவாஸ் என்கிற எட்டு வீட்டுக் கட்டடத்தில் யார் வீட்டு ஏசி எத்தனை டிகிரியில் ஓடுகிறது, யார் வீட்டு மிக்ஸி ஒழுகுகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புரியாதது ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது மாடி அனுசுயா, அம்பத்தூர் எஸ்டேட்டில் தரம் பார்க்கிற பிரிவில் சூப்பர்வைசர், நாலு பேருக்குப் புத்தி சொல்லக்கூடிய பெண், செடிகளை வியர்க்க வைக்கிற வேலையை ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்பது.

மகள் காவ்யா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதும் காலியான அறை அது. வேறு யாராக இருந்தாலும் அதில் இஸ்திரி போடாத துணியைக் குவித்திருப்பார்கள். அனுசுயா முப்பத்தோரு தொட்டிகளை வைத்தாள். கலாத்தியா, ஆந்தூரியம், மான்ஸ்டெரா, விரல் பட்டாலே நடுங்குகிற ஒரு பெரணி. எல்லாம் எங்கோ மழைக்காட்டில் பெரிய மரங்களின் நிழலில் பிறந்த சாதி. வெயில் ஆகாது. வறண்ட காற்று அதைவிட ஆகாது. காற்றில் ஈரம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே போனால் கலாத்தியா இலையின் ஓரம் முறுகிவிடும், சட்டியில் மறந்துபோன அப்பளம் மாதிரி.

மெட்ராஸில் ஈரத்துக்கு என்ன பஞ்சம், குளித்துவிட்டு வந்தால் துவட்டுவதற்குள் மறுபடி நனைகிறதே என்று கேட்பார்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கேட்கலாம். கடற்காற்று மயிலாப்பூருக்குப் பகல் பன்னிரண்டுக்கே வந்துவிடும். அண்ணா நகரைத் தாண்டி, பாடி மேம்பாலம் ஏறி, இந்தக் கட்டடம் இருக்கிற திருமுல்லைவாயிலுக்கு வந்து சேர்வதற்குள் அதற்கே மூச்சு வாங்கிவிடும். மே மாதத்தில் பல நாள் லீவு போட்டுவிடும். அன்றைக்கெல்லாம் மேற்கிலிருந்து ஒரு காற்று வரும், அடுப்பைத் திறந்த மாதிரி. போதாததற்கு, செல்வகுமாருக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். அனுசுயாவின் கணவன். அவன் பகல் முழுக்கப் படுக்கையறையில் ஏசி போட்டுத் தூங்குவான். ஏசி என்பது குளிர வைப்பதோடு நிற்கிற சாமானில்லை, காற்றில் இருக்கிற ஈரத்தையும் பிழிந்து குழாய் வழியே வெளியே கொட்டிவிடும். ஹாலுக்கும் அந்த வறட்சி வரும்.

அதனால் அனுசுயா அந்தச் சின்ன அறையை ஆஸ்பத்திரி மாதிரி நடத்தினாள். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினாள். தொட்டிகளை நெருக்கி நெருக்கி வைத்தாள், ஒன்றின் மூச்சு இன்னொன்றுக்கு ஆகும் என்று. ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் அகலமான தட்டு, தட்டு நிறைய கூழாங்கல், கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர். தொட்டி கல்லின் மேல்தான் உட்காரும், வேர் தண்ணீரைத் தொடாது, தட்டிலிருந்து ஆவி மட்டும் மேலே போகும். மூலையில் பனிப்புகை விடுகிற ஒரு மிஷின். அதற்கு போர்வெல் தண்ணீர் ஊற்றினால் இலையெல்லாம் சுண்ணாம்புத் தூள் படிகிறதென்று கேன் தண்ணீர் ஊற்றினாள். குடிக்கிற கேன் தண்ணீர். இது வெளியே தெரிந்த அன்றைக்கு மூன்றாவது மாடி லாவண்யா வாட்ஸப் குழுவில் வாய் பிளந்த பொம்மை ஒன்றைப் போட்டாள். யாரைக் குறித்து என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுவரில் கைக்கடிகாரம் அளவுக்கு, ஈரம் அளக்கிற ஒரு மீட்டர். அனுசுயா காலையில் சாமி படத்துக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பாள். அறுபத்தெட்டு இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. புதனும் ஞாயிறும் முப்பத்தோரு தட்டையும் பாத்ரூமுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, நார் போட்டுத் தேய்த்து, கல்லைக் கொதிநீரில் அலசி, காய வைத்து, மறுபடி அடுக்குவாள். ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் எல்லம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற அட்டையில் ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவாள். அந்த அட்டையை யாரும் படிக்கவில்லை. கேன் தண்ணீர் விஷயத்தை மட்டும் எல்லோரும் படித்தார்கள்.

மே இரண்டாவது வாரத்தில் தரைத்தள வீட்டு மோகனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். இருபத்தெட்டு வயதுப் பையன், தட்டணுக்கள் எண்பதாயிரத்துக்கு இறங்கி, பூந்தமல்லி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டடமே கலங்கிவிட்டது. மோகனின் அப்பா ஜம்புலிங்கம்தான் சங்கத்துச் செயலாளர். செயலாளர் என்பது காகிதத்துக்கு. அந்த இடமே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக் கழனி. பில்டருக்குக் கொடுத்து, இரண்டு வீடும் கட்டடத்துக்குத் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் வாங்கிக்கொண்டார். மிச்சம் ஆறு வீட்டை ஆறு பேர் பத்திரம் பதிந்து வாங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அது ஏதோ காலி பண்ணச் சொன்னால் பண்ணிவிடுவார்கள் என்கிற மாதிரியான தெரிதல்.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அனுசுயாவின் அப்பா தேவராஜ் அந்தக் கழனியில் நாற்று நட்டவர். செல்வகுமாரின் அப்பாவும்.

செவ்வாய்க்கிழமை குழுவில் ஜம்புலிங்கத்தின் குரல் பதிவு வந்தது. செடி வளர்க்கிறேன் என்று தண்ணீரைத் தேக்கி வைத்துக் கொசுப் பண்ணை நடத்துகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒன்றரை நிமிடம். பெயர் சொல்லவில்லை. ஐந்து வீட்டுக்காரர்கள் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள். அனுசுயா அட்டையைப் படமெடுத்துப் போட்டாள். எட்டு வாரக் கையெழுத்து. அதற்கு ஒரு பொம்மையும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஜம்புலிங்கமே காத்திருக்கவில்லை என்பதுதான் கதை.

வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அனுசுயா வீட்டுக்கு வந்தாள். படுக்கையறையில் ஏசி சத்தம். சின்ன அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தரையில் முப்பத்தோரு வட்டம், தட்டு இருந்த இடம். பனிப்புகை மிஷினை யாரோ வயர் சுற்றி, மரியாதையாக மூலையில் வைத்திருந்தார்கள். மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது.

அவள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. நேரே போய் ஏசியை அணைத்துவிட்டு நின்றாள். செல்வகுமார் தானாக எழுந்தான்.

"செடிங்க எங்கயா?"

மாடியில் இருக்கிறதென்றான். பதினோரு மணிக்கு ஜம்புலிங்கம் ஐயா வந்தாராம். கதவைத் தட்டினாராம். இவன் தூக்கக் கலக்கத்தில் திறந்தானாம். செடிக்கு வெயில் வேண்டும், இப்படி இருட்டறையில் அடைத்து வைத்தால் கொசுதான் வளரும், மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் செடிக்கும் நல்லது கட்டடத்துக்கும் நல்லது என்றாராம். சொல்லிக்கொண்டே உள்ளே நடந்துவிட்டாராம்.

"உள்ள வான்னு நீ சொன்னியா?"

"அவரு எப்பவும் கேட்டுகினா வருவாரு? வந்துட்டாரு. ஒரு தொட்டிய கையிலயும் தூக்கிட்டாரு. வயசானவரு தூக்கிகினு போறாரு, நா சும்மா நிக்கவா?"

"அதனால நீயும் தூக்கன."

செல்வகுமார் போர்வையை மடிக்க ஆரம்பித்தான்.

"லுங்கிய எறக்கி வுட்டியா?"

"இன்னாது?"

"அவரப் பாத்ததும் மடிச்சுக் கட்டன லுங்கிய எறக்கி வுட்டியான்னு கேக்கறேன்."

டாங்கி பாகத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைகிற மனிதன், ஒரு போர்வையின் முனைகளைச் சேர்க்க முடியாமல் நின்றான். அவள் மாடிப்படி ஏறினாள்.

மொட்டை மாடியில் போன வருஷம்தான் வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள், சூட்டைத் திருப்பி அனுப்ப. திருப்பி அனுப்பிய சூடெல்லாம் இலைகளின் அடிவயிற்றில் போய் அடித்திருந்தது. மேலே கத்திரி வெயில், கீழே வெள்ளை ஓடு. தொட்டிகள் வரிசையாக இருந்தன, நாற்று நட்ட மாதிரி நேர்கோட்டில், இரண்டு ஜாண் இடைவெளி விட்டு. அந்த ஒழுங்கைப் பார்த்ததும்தான் அவளுக்கு முதலில் குபீரென்று ஏறியது. அக்கறையாகச் செய்திருந்தார்கள்.

கலாத்தியாக்கள் வதக்கிய கீரை நிறத்துக்குப் போயிருந்தன. ஆந்தூரியம் இலைகளில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி வெளுத்த திட்டுகள். மான்ஸ்டெரா தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பெரணியைத் தொட்டாள், பொடியாக உதிர்ந்தது. எல்லாத் தொட்டியிலும் மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் டேங்க் குழாயில் மாட்டிய ஹோஸ். மதியம் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் அந்தக் குழாயில் வருவது டீத்தூள் போட்டால் சாயம் இறங்குகிற தண்ணீர். மேலே வறுத்து, கீழே வேக வைத்திருந்தார்.

லாவண்யா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், இன்னும் எடுத்துக்கொண்டிருந்தாள். அனுசுயா அழுவாள், தோளைத் தட்டிக் கொடுக்கலாம் என்று இருந்தாளோ என்னவோ. மதியமே பார்த்தேன், பாவமாயிருந்தது, இதெல்லாம் தாங்குமா என்று அப்போதே நினைத்தேன் என்றாள்.

"நெனச்சிகினே இருந்தியா லாவண்யா? கேன் தண்ணிக்குப் பொம்ம போடத் தெரிஞ்ச கைக்கு, ஒரு போன் போடத் தெரியல?"

லாவண்யா துணிக்கூடையோடு இறங்கிப் போனாள். போன வேகத்தில் கட்டடம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. அனுசுயா தொட்டிகளை ஒவ்வொன்றாக மாடிப்படிக் கூண்டின் நிழலுக்கு இழுத்தாள். ஒரு போர்வையை நனைத்து மேலே போர்த்தினாள். பின்னாலேயே வந்த செல்வகுமார் ஒரு தொட்டியைத் தூக்கிக் கீழே கொண்டுபோகக் குனிந்தான்.

"வை கீழ."

"வூட்டுக்குள்ள கொண்டு போனாதான பொழைக்கும்?"

"வைன்னு சொன்னேன்."

செடி மேல் உயிரை வைத்திருக்கிறவள் அப்படிச் சொல்வாளா என்றால், சொன்னாள். அந்த நிமிடத்தில் அவளுக்குச் செடியைவிட வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. தன் வீட்டுக் கதவு. அவள் பெயரும் அவன் பெயரும் போட்ட பத்திரம், பதினைந்து வருஷத் தவணை. அத்தனையும் ஒரு மனிதன் நடந்து வந்தால் தானாக ஒதுங்கி வழி விடுகிறது. அது அப்படியேதான் இருக்கப் போகிறதா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஜம்புலிங்கம் மாலையில் வண்டி நிறுத்துகிற இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அந்த ஒரு மணி நேரம் அங்கேதான். அன்றைக்கு அவர் மனைவி ராணியும் நின்றிருந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக பிளாஸ்கோடு. அனுசுயா எதிரில் வந்து நின்றதும் ஜம்புலிங்கம் சிரித்தார். அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. நல்லது செய்துவிட்டு நன்றிக்குக் காத்திருக்கிற முகம்.

யாரைக் கேட்டு வீட்டுக்குள் வந்தீர்கள் என்றாள்.

வீட்டில் ஆள் இருந்தானே என்றார். முப்பத்தோரு தொட்டியில் பாதிக்கு மேல் நானேதான் தூக்கினேன், அறுபத்தாறு வயசு, மூட்டை தூக்கின உடம்பு, படி ஏறி இறங்கி ஒரு மூச்சு வாங்கலை என்று பெருமையாகச் சொன்னார். செடிகள் செத்துப்போயின என்று அவள் சொன்னதும் அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"வெயிலு பட்டா செடி சாவுமா? எட்டுக் காணி பயிர் வச்சவன் நானு. ரெண்டு நாளு வாடும், அப்பறம் துளுத்துக்கும். செடி வளக்கறத எனக்கே சொல்லித் தர்றியா புள்ள? உங்கப்பன் தேவராஜக் கேளு. எங்க கழனில நாத்து நட்டவன் அவன்."

பார்க்கிங்கில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்தினார். முதல் மாடி பால்கனியில் இரண்டு தலைகள் முளைத்தன. இத்தனை வருஷம் யாரும் சொல்லாதது, செடிக்கு உரம் போடுகிற மாதிரி சாதாரணமாக விழுந்துவிட்டது.

அனுசுயாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் குரல் ஏறவில்லை. பாகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"எங்கப்பா உங்க கழனில வேல செஞ்சாரு. கழனி போச்சு, இப்ப இது ஊடு. எங்க ஊடு. அதுல நீங்க கால் வைக்கணும்னா நா வாங்கன்னு சொல்லணும்."

ஜம்புலிங்கம் வாயைத் திறப்பதற்குள் ராணி பேசிவிட்டாள்.

"எம்புள்ள அங்க ஊசி குத்த எடமில்லாம கெடக்கறான். நீ எலை கருகிடுச்சுன்னு சண்டைக்கு வந்துகீற. ஒன் தட்டுல வளந்ததுதான் அவனக் கடிச்சிது. நல்லாருப்பியா நீ?"

என் தட்டில் வளரவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ராணியின் கையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற கஞ்சி இருந்தது. பிள்ளைக்குக் கஞ்சி கொண்டுபோகிறவளோடு சண்டை போட முடியாது. அவள் திரும்பிப் படி ஏறினாள். கோபம் அங்கேயே கொட்டிவிடாமல் முழுசாக அவளோடு மேலே வந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டம்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல செய்தி. மோகனுக்கு அணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன, திங்கள்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்களாம். அனுசுயாவுக்கும் மூச்சு வந்தது. ஒன்பதரை மணிக்கு எல்லம்மா வந்தாள். தோளில் பை, கையில் டார்ச்சும் நீளக் கரண்டியும். டெங்கு நோயாளி இருக்கிற முகவரி ஆஸ்பத்திரியிலிருந்து மாநகராட்சிக்குப் போய்விடும், இரண்டு மூன்று நாளில் ஆள் வந்துவிடும்.

ஜம்புலிங்கம் வாசலிலேயே நின்று வழி காட்டினார். மொதல்ல ரெண்டாவது மாடிக்குப் போ என்றார். எல்லம்மா சிரித்துக்கொண்டே, நோயாளி வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் அண்ணாத்தே, அதுதான் உத்தரவு என்றாள். பார்த்துக்கோ, எங்கள் வீட்டில் பூத்தொட்டிகூடக் கிடையாது என்று, வாராவாரம் அவளை வாசலோடு அனுப்பிவிடுகிற ஜம்புலிங்கம் கதவைத் திறந்துவிட்டார். கட்டடத்தில் பாதிப்பேர் ஏதேதோ வேலையாகக் கீழே வந்திருந்தார்கள். லாவண்யா குப்பை கொட்ட வந்தாள், கையில் குப்பை இல்லை. அனுசுயா படிக்கட்டின் முதல் திருப்பத்தில் நின்றாள்.

எல்லம்மா பிரிட்ஜ் பின்னால் பார்த்தாள், பாத்ரூம் வாளி பார்த்தாள். மோகன் படுக்கிற அறைக்குப் பின்பக்கம் துணி காயப் போடுகிற சின்ன பால்கனி. அங்கே இருபது லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்று, மூடி அரைகுறையாக. ஏசியிலிருந்து வரும் குழாய் அதற்குள் இறங்கியிருந்தது. அவள் மூடியைத் தள்ளி டார்ச் அடித்தாள். கரண்டியை விட்டு மொண்டாள். பேசாமல் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, வாசலில் எல்லோரும் பார்க்கிற உயரத்தில் பிடித்தாள்.

கரண்டியில் பத்துப் பதினைந்து, நெளிந்து நெளிந்து ஏறி இறங்கின.

"அது ஏசி தண்ணிதான," என்றாள் ராணி. "சுத்தமான தண்ணி. இன்வெர்ட்டருக்கு ஊத்தறதுக்குப் புடிச்சு வச்சிகீறேன். அதுல எப்புடி..."

"சுத்தமா கீறதாலதான் யக்கா. இந்தக் கொசு சாக்கடைல முட்ட போடாது. நல்ல தண்ணியாத் தேடிகினு வரும்."

பிள்ளையின் அறையிலிருந்து பிழிந்த ஈரம், சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, அவன் தலைமாட்டிலேயே. ராணி படியில் உட்கார்ந்தாள். அவனைக் கடித்த கொசு இதில்தான் வளர்ந்ததா என்று எல்லம்மாவால் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. டப்பாவைக் கவிழ்த்தாள், நோட்டீஸ் எழுதினாள். எழுதிக்கொண்டே ஜம்புலிங்கத்திடம், ரெண்டாவது மாடி அக்கா தட்டை வாராவாரம் நானே பார்க்கிறேன் அண்ணாத்தே, கல்லைக்கூட வெந்நீரில் போட்டு எடுக்கிற வீடு அது, என்றாள். இரண்டாவது மாடிக்குப் போய் இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்தாள். அங்கே தட்டே இல்லையே என்றாள்.

அவள் போன பிறகு ஜம்புலிங்கம் அனுசுயா பக்கம் திரும்பினார். அவருக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது, தாராளமாக நடந்துகொள்கிற பழக்கம்தான் உண்டு.

"செரி, ஆனது ஆச்சு. ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு போலாம் புள்ள. நர்சரில நல்ல ரோஜா, செம்பருத்தின்னு பாத்து நானே எடுத்துத் தரேன்."

"எனக்கு ஒண்ணும் வோணாம் சார். மாடில கீற செடிய எடுத்தாந்து வைங்க. அது போதும்."

"அதான் செத்துப்போச்சுன்னியே."

"செத்ததோ பொழச்சதோ. எங்கேந்து எடுத்தீங்களோ அங்க வரணும்."

ஜம்புலிங்கம் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"வாட்ச்மேன் என் ஊட்டுக்குள்ள வரல. நீங்க வந்தீங்க. மூட்ட தூக்கன ஒடம்பு, நீங்களே தூக்குங்க."

பால்கனித் தலைகள் நாலாகியிருந்தன. ஜம்புலிங்கத்தின் முகம் கறுத்தது. இன்னா பேச்சு பேசுற என்று ஆரம்பித்தார், அந்த வாக்கியம் எங்கே போயிருக்குமோ. படியில் உட்கார்ந்திருந்த ராணி தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"போயி எறக்கி வையிய்யா."

"நீ சும்மாரு."

"டப்பாவ வச்சது நானு. பழிய அவ மேல போட்டதும் நானு. போறியா, நா போவட்டா?"

அவர் போனார்.

மொட்டை மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு நாற்பது படி. ஒரு நடைக்கு இரண்டு தொட்டி. முதல் நடை வேகமாக வந்தார், வேட்டியை மடித்துக் கட்டி, இதெல்லாம் ஒரு வேலையா என்கிற மாதிரி. அனுசுயா கதவைத் திறந்து நிலைப்படிக்கு உட்பக்கம் நின்றாள். அவர் பழக்கத்தில் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார்.

"அங்கயே வைங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"வாசலுக்கு வெளிய. உள்ள நா எடுத்துப்பேன்."

தூக்கிய கால் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. அது எவ்வளவு நேரம் என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டால் அரை நிமிடம் என்பார், அவர் எதையும் பெருக்கித்தான் சொல்வார். ஜம்புலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த வாசலை இதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை என்று தோன்றியது, கதவு இருக்கிறது, நிலை இருக்கிறது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இருக்கிறது. காலைப் பின்னால் எடுத்தார். குனிந்து தொட்டிகளை வெளியே வைத்தார்.

ஏழாவது நடையில் செல்வகுமார் படியில் குறுக்கே வந்து, நீங்க உக்காருங்கய்யா, மிச்சத்த நா பாத்துக்கறேன் என்றான். ஜம்புலிங்கமே நின்றுவிட்டார், தப்பித்தோம் என்று. அனுசுயா வாசலிலிருந்து செல்வகுமாரைப் பார்த்தாள். அவன் கை தானாகக் கீழே இறங்கியது. ஜம்புலிங்கம் மறுபடி ஏறினார். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

பதினாறாவது நடையில் கடைசித் தொட்டி வந்தது. பெரணி, வெறும் மண்ணும் காம்பும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இதான்மா கடைசி," என்றார். அவர் அவளை அம்மா என்றது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் குறித்துக்கொண்டாள், ஆனால் அதற்காக முகம் இளகவில்லை. சரி சார் என்றாள். அவர் இறங்கிப் போனார்.

அனுசுயா ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனாள். கருகின இலைகளைக் கத்திரியால் அடியோடு வெட்டினாள். மான்ஸ்டெராவின் தண்டு பச்சையாக இருந்தது. ஆறேழு கலாத்தியாவில் மண்ணுக்கடியில் கிழங்கு கெட்டியாக இருந்தது, வரலாம். ஆந்தூரியம் பாதி போச்சு. பெரணி போயே போச்சு. அதை மண்ணோடு குப்பைக்கூடையில் கொட்டும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டாள். மாடியில் குவித்துப் போட்டிருந்த தட்டுகளைத் தானே போய் எடுத்துவந்து, தேய்த்து, கல் பரப்பி, தண்ணீர் ஊற்றினாள். மிஷினைப் போட்டாள். வெளிக்கதவைச் சாத்தினாள்.

செல்வகுமார் படிக்கட்டில் நின்றிருந்தான். கட்டடத்தில் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போயிருந்தார்கள், அவரவர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள் என்று சொன்னால் இன்னும் சரி. அவன் மெதுவாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்தான். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்தான், பார்த்தான், திரும்பப் பையிலேயே போட்டான்.

பெல்லை அடித்துவிட்டு நின்றான்.